வெண்டைக்காட்டில் பனியன் காய்த்த வருஷம்

எங்கள் வெண்டைக்காட்டில் முதல் பனியன் காய்த்த அன்றைக்கு அப்பா வேப்பமரத்தடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார், பாவாயக்கா களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தாள், நான் கன்றுக்குட்டி மாதிரிக் கத்திப் பக்கத்துத் தோட்டத்து ராக்கியண்ணனின் எருமையை ஏமாற்றிக்கொண்டிருந்தேன், அதனால் அதை முதலில் பார்த்தவள் அம்மாதான். பார்த்தவள் கத்தவில்லை, ஓடவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, இரண்டு விரலால் அந்தப் பிஞ்சின் தோள்பட்டையைப் பிடித்து, உள்பக்கம் திருப்பி, தையலை ஒருமுறை இழுத்துப் பார்த்து, "ஓவர்லாக் நல்லா விழுந்திருக்குது" என்றாள்.

அம்மாவுக்குத் தெரியும். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தவள், பிசிறு பார்க்கிற மேஜையில் தொடங்கி ஜெனரல் மேனேஜர் நாற்காலி வரைக்கும் ஏறியவள், எங்கள் ஊர்ப்பக்கம் பனியன் என்றால் சட்டைக்கு உள்ளே போடுவது மட்டுமில்லை, வெள்ளைக்காரன் வெளியே போட்டுக்கொண்டு சுற்றுகிற டி-ஷர்ட்டும் பனியன்தான், அந்தப் பனியன்கள் கப்பலேறும்வரை அம்மா தூங்கமாட்டாள், கப்பலேறிய பிறகு அடுத்த கப்பலுக்காகத் தூங்கமாட்டாள். ஒருநாள் பேக்கிங் செக்‌ஷனிலிருந்து ஏதோ வேலையாக வாசலுக்கு வந்திருக்கிறாள், வந்தால் வெளியே ஊரே மிதக்கிற மழை, எப்போதிருந்து பெய்கிறது என்று வாட்ச்மேனைக் கேட்டிருக்கிறாள், அவர் "முந்தாநேத்துப் புடிச்சதுங் மேடம், இன்னும் உடலைங்" என்றிருக்கிறார். அம்மா அப்படியே மாடியேறி முதலாளி அர்த்தநாரி சார் அறைக்குப் போய், "சார், நான் வேலைய உட்டு நின்னுக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அர்த்தநாரி சார் குரல் கிக்கர் உதைத்தும் கிளம்பாத பழைய ஸ்கூட்டர் மாதிரி, முதலில் நாலு செருமல், பிறகுதான் பேச்சு. "க்ஹ்ம், க்ஹ்ம், பரிமளா, என்ன வெளையாட்டு இது? ஒரு வாரம் ஊட்டி போயிட்டு வாங்க. குளுகுளுன்னு இருந்தா எல்லாம் சரியாயிரும்." அம்மா ஊட்டி போகவில்லை. பொங்கலூருக்குத் தெற்கே நொச்சிக்காட்டுப்புதூரில் ஒரு துண்டு நிலமும், ராக்கியண்ணனோடு சேர்ந்த பங்குக் கிணற்றில் வெள்ளிக்கிழமை முறைத் தண்ணியும் வாங்கினாள். அப்பா டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், வாழ்க்கை முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகியவர், அம்மா பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது அவர் வலதுகால் தானாகத் தரையை ஓங்கி அழுத்தியதை நான் பார்த்தேன், ஆனால் நிலம் நிற்கவில்லை.

ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்துவிட்டுப் போனார்கள். "கம்பெனிக் கார்ல போனவ, இனிக் கொத்தப் புடிச்சுக்கிட்டு வெயில்ல நிப்பியா கண்ணு?" என்று பெரியத்தை மூக்கைச் சிந்தினாள். அவள் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அதே குரலில் அதே மூக்குச்சிந்தலோடு நான் திருப்பிச் சொன்னேன், சிரித்துச் சிரித்து அம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

ஆனால் அம்மா விவசாயம் பார்த்த அழகைச் சொல்லவேண்டும். வெண்டை விதையை இஞ்ச் டேப் வைத்து அளந்து ஊன்றினாள். பாத்திக்குப் பாத்தி அட்டை குத்தி, லைன் ஒன்று, லைன் இரண்டு என்று பேர் வைத்தாள். காலையில் வரப்பில் நின்றுகொண்டு செடிகளுக்கு மீட்டிங் போட்டாள், இன்றைக்கு டார்கெட் என்ன, எந்த லைன் பின்தங்கியிருக்கிறது, எதற்காகப் பின்தங்கியிருக்கிறது, அசுவினிப் பூச்சி வந்தது என்றால் ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை. ராக்கியண்ணன் எருமையை ஓட்டிக்கொண்டு போகிறபோது நின்று கேட்டார்:

"ஏனுங்கம்மிணி, செடிகளுக்கு டீ பிரேக் உண்டுங்களா?"

"பத்தரைக்குங்ணா" என்றாள் அம்மா, முகம் மாறாமல்.

அப்படித்தான் பூத்தது, மஞ்சளாய், நடுவில் கருஞ்சிவப்பாய், ஊரில் எல்லார் வெண்டையும் பூப்பதுபோல. அப்படித்தான் பூ வாடி விழுந்தது. விழுந்த இடத்தில் பச்சையாய் ஒரு மொக்கு வந்து, மறுநாள் வெயில் ஏற ஏற அது மெதுவாய்ச் சுருள் பிரிந்து ஒரு கையை நீட்டியது, பிறகு இன்னொரு கையை நீட்டியது, பிறகு கழுத்துப்பட்டி, பிறகு வயிறு, கடைசியில் கீழ் மடிப்பு, வெளுத்து வெள்ளையாகி, பிறந்த குழந்தைக்குப் போடலாம் போல ஒரு பனியன் காம்பில் தொங்கியது.

பாவாயக்காதான் கோபப்பட்டாள். வீட்டில் மூட்டை மூட்டையாய்ப் பனியனை இறக்கிவைத்துப் பிசிறு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அது வேண்டாம் என்று கூலிக்குக் களையெடுக்க வந்தவள். செடியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கொத்தைக் கீழே போட்டாள்.

"ஏனுங்கம்மிணி, இங்கயும் பனியனுங்களா? நானு எங்கதாங் போறது?"

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாவது வாரம் சைஸ் கேட்டார்கள். வெண்டையைப் பிஞ்சாய்ப் பறித்தால் கைக்குழந்தை சைஸ், ஒருநாள் விட்டால் பால்வாடி சைஸ், இன்னும் விட்டால் பெரியவர்கள் சைஸ் என்று தெரிந்துபோனதும், பெண்கள் விடியற்காலையில் வந்து அவரவர் பனியனுக்கு அவரவர் நூல் கட்டி அடையாளம் வைத்துவிட்டுப் போனார்கள். "இத இன்னும் ரெண்டு நாளைக்கு உடு சாமி, எங்கூட்டுக்காரருக்குத் தொப்பை." சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தே பழகிய கைகள் இங்கேயும் சும்மா இருக்கவில்லை, வருகிறவர்கள் எல்லாரும் பனியனின் கைநுனியைப் படக்கென்று ஒடித்துப் பார்த்தார்கள், ஒடிந்தால் பிஞ்சு, ஒடியாவிட்டால் முற்றல், அதனால் அந்த வருஷம் நொச்சிக்காட்டுப்புதூரில் பாதிப்பேர் ஒரு கை குட்டையான பனியனோடுதான் திரிந்தார்கள். முதல் சலவையில் வழவழவென்று கோழை வரும், இரண்டாவது சலவையில் போய்விடும். ராக்கியண்ணன் வீட்டில் ஒரு பிஞ்சைப் பொரியலே வைத்துப் பார்த்தார்கள், வாசம் எல்லாம் சரி, உப்புத்தான் பிடிக்கவில்லை. ஆடுகள் வந்து முதுகை மட்டும் தின்றன. மாரியம்மன் கோயிலுக்கு இதைப் போட்டுக்கொண்டு வரலாமா என்று பூசாரியைக் கேட்டார்கள், அவர் யோசித்து, "காயாட்டம் நெனச்சா காய், துணியாட்டம் நெனச்சா துணி, எப்படி நெனச்சாலும் குளிச்சுப்போட்டு வாங்க" என்றார்.

அதிகாரிகளும் வந்தார்கள். விவசாய ஆபீசர் செடியைத் தொட்டுப் பார்த்து, "இது டெக்ஸ்டைல், எங்க கட்டுப்பாட்டுல வராது" என்று மூக்கால் பேசினார். ஜவுளி ஆபீசர் வேரைப் பார்த்து, "இது வெஜிடபிள்மா, எங்களுக்கு எப்படிம்மா இது?" என்று தொண்டையால் பேசினார். இரண்டு பேரும் போன பிறகு அந்த இரண்டு குரலையும் நானே மாற்றி மாற்றிப் பேசி, ஒருவரை ஒருவர் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை மூட்டிவிட்டேன், கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் ரொம்பச் சுத்தமாய், ரொம்ப வேகமாய் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டு ஓட்டை போட்டதைத் தனியாய் எடுத்து, "இது செகண்ட்ஸ்" என்று ஒதுக்கினாள். இரவெல்லாம் புரண்டுவிட்டு, லைன் நாலில் கழுத்து இழுக்கிறது என்று காலையில் சொன்னாள். அவள் வெண்டைக்காய் கேட்டாள், மண் பனியன் கொடுத்தது, கொடுத்ததை வாங்கி மடித்து அடுக்கத் தொடங்கியவள் அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

அர்த்தநாரி சார் கார் வந்தபோது அப்பா வரப்பில் நின்றபடி பிரேக்கை மிதித்தார். கார் நின்றது, ஆனால் அது டிரைவர் நிறுத்தியது. சார் இறங்கி, பாக்கெட்டிலிருந்து டேப்பை உருவி, ஒரு செடி விடாமல் அளந்தார். நெஞ்சளவு, தோளளவு, நீளம். அளந்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"க்ஹ்ம், க்ஹ்ம், பரிமளா. நூல் இல்ல. நிட்டிங் இல்ல. சாயப்பட்டறை இல்ல. கரண்ட் இல்ல. என்ன காரியம் பண்ணிட்டு இப்படிச் சும்மா நிக்கறீங்க? நீங்க வேலைய உட்டு நின்னதா நான் நெனைக்கவே இல்ல. நம்ம கம்பெனிக்குப் புது யூனிட் போட முன்னாடி வந்திருக்கீங்க, அவ்வளவுதான்."

பறிக்காமல் விட்டுப்போன செடிகளில் பனியன் முற்றிக் காலர் வைத்து, காலருக்குக் கீழே பச்சைப் பொத்தான்கள் கட்டத் தொடங்கியிருந்தன. அந்தப் பொத்தானுக்குள்தான் விதை. சார் ஒரு பொத்தானை உரித்துப் பார்த்து, இன்னும் பால் பிடிக்கவில்லை என்று கண்டுகொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் முற்றிவிடும், வெள்ளிக்கிழமை லாரி வரும், விதையை எடுத்து ஊரில் இருக்கிற அத்தனை காட்டிலும் ஊன்றலாம், வெங்காயம் எதற்கு, மக்காச்சோளம் எதற்கு, வேப்பமரத்தடியில் அம்மாவுக்கு ஒரு கேபின், ஏசி, டைரக்டர் என்று பலகை. ஊர் முழுக்க மலர்ந்துபோனது. ராக்கியண்ணன் அன்றைக்குச் சாயங்காலமே தன் வெங்காயத்தைப் பிடுங்கத் தொடங்கிவிட்டார். அப்பா முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். அம்மா எல்லாருக்கும் தலையாட்டினாள். அவள் முடியாது என்று சொல்லவே இல்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை, நான் உட்பட.

மறுநாள் மத்தியானம் அம்மா மோட்டார் கொட்டகைப் பக்கம் முழங்கால் சேற்றில் குனிந்து வாய்க்கால் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கை அரித்தது, நாக்கு அதைவிட அரித்தது. கொட்டகைச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தொண்டையைச் செருமி, ஸ்கூட்டரை உதைத்தேன்.

"க்ஹ்ம், க்ஹ்ம், பரிமளா! டிஸ்பாட்ச் என்னாச்சு?"

அம்மா விறைத்து நிமிர்ந்தாள். சேறு சொட்டுகிற கை தானாக நெஞ்சுக்குப் போய், அங்கே இல்லாத அடையாள அட்டையை நேராக்கியது.

"யெஸ் சார். வெள்ளிக்கிழமை போயிரும் சார். சாரி சார்."

நான் சுவருக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டேன். உருண்டு முடித்து எட்டிப் பார்த்தால், அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அந்தக் கை இன்னும் நெஞ்சில் இருக்கிறது. திட்டப்போகிறாள் என்று ஓடத் தயாரானேன்.

"இந்து, இங்க வா" என்றாள். "இன்னொருக்கா சொல்லு."

"அம்மா, சும்மா வெளையாட்டுக்குத்தான்..."

"சொல்லுங்கறேன்ல."

சொன்னேன். கை மறுபடி எழுந்தது. "யெஸ்" என்று வாய் தொடங்கிப் பாதியில் நின்றது. இன்னொருக்கா என்றாள். சொன்னேன். இந்தத் தடவை வாய் மூடியிருந்தது, முதுகு மட்டும் விறைத்தது. இன்னொருக்கா. நான் அர்த்தநாரி சாராகி மிரட்டினேன், கெஞ்சினேன், டைரக்டர் பலகையை ஆட்டிக் காட்டினேன், வெளிநாட்டு பையர் போனில் இருக்கிறான் என்று அலறினேன், அம்மா சேற்றுக்குள் நின்றுகொண்டு உதட்டைக் கடித்து, மூச்சை இழுத்து, கடைசியில் கோழி கொக்கரிப்பதுபோல ஒரு சத்தத்தில், "முடியாது சார்" என்றாள். சொல்லிவிட்டு அவளே பயந்து சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"நல்லால்லைம்மா. கெஞ்சற மாதிரி இருக்குது."

"அப்ப உங்கப்பனாட்டம் பேசு."

அப்பாவாய்ப் பேசினேன்: "யோசிச்சுப் பண்ணு பரிமளா, எதுக்கும் கொஞ்சம் மெதுவா, கண்ணாடிய ஒருக்காப் பாத்துட்டு..." "முடியாதுங்க." பெரியத்தையாய் மூக்கைச் சிந்தினேன். "முடியாதுங்கத்தை." ராக்கியண்ணனாய், விவசாய ஆபீசராய், ஜவுளி ஆபீசராய், ஒரு கை குட்டையான ஊராய், ஏக்கத்தோடு கத்துகிற எருமையாய்க்கூடக் கேட்டேன், எல்லாவற்றுக்கும் அம்மா முடியாது என்றாள், சொல்லச் சொல்ல அந்தச் சொல் அவள் வாயில் பழுத்துக்கொண்டே வந்தது, பொழுது சாய்கிற நேரத்தில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து "முடியாது" என்று கத்தினாள், கிணறும் அப்படியே சொன்னது, எனக்குத் தெரிந்து என்னைத் தவிர இன்னொருவர் அம்மா குரலைச் சரியாய்ப் பேசியது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் அம்மா ராக்கியண்ணனிடம் டிராக்டர் கேட்டாள். பூ எடுத்த தக்கைப்பூண்டை விதை கட்டுமுன் உரமாக மண்ணோடு மடக்கி உழுவார்களே, அதே மாதிரி மடக்கிவிடப் போகிறேன் என்றாள். ராக்கியண்ணன் துண்டை உதறினார்.

"உங்களுக்குக் கிறுக்குங்களா அம்மிணி? டிராக்டர் தரமாட்டனுங். குடுத்தாலும் ரோட்டவேட்டர் பல்லுல பனியன் சுத்திக்கும். எனக்கு ஒரு வெதையாச்சும் உட்டு வெய்யுங்க. வெங்காயத்த வேற புடுங்கிப் போட்டுட்டனே!"

"ஒண்ணு உட்டாலும் அதுதாங்ணா எல்லாக் காட்டுலயும் நிக்கும்."

"நின்னா என்னங்?"

"நின்னா, நான் எங்க போய் நிக்கறதுங்ணா?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அம்மாவும் நானும் அரிவாளோடு இறங்கி, லைன் ஒன்றிலிருந்து கடைசி வரைக்கும் வெண்டைத் தண்டுகளை அறுத்துச் சாய்த்தோம். எங்கள் முறைத் தண்ணியை மோட்டார் போட்டு இழுத்து மொத்தத்தையும் காட்டுக்குள் விட்டோம். லாரி வந்து நின்றபோது செம்மண் குழைந்து கூழாகியிருந்தது, அதில் பனியன்கள் காற்று பிடித்து உப்பி, கைகளைத் தூக்கிக்கொண்டு மிதந்தன. ஊர் முழுக்க வரப்பில் நின்றது. "ஊருக்கே வந்த அதிர்ஷ்டத்தத் தண்ணியில உடறா பாரு" என்று ஒரு குரல், "புடிச்சு நிறுத்துங்கடா" என்று இன்னொரு குரல். அப்பா வரப்பில் நின்று, எதை மிதிப்பது என்று தெரியாமல் இரண்டு காலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அர்த்தநாரி சார் வந்தார். நான் தயாராயிருந்தேன், அம்மாவும் தயாராயிருந்தாள், அவர் செருமும்வரை காத்திருந்தோம். அவர் செருமவே இல்லை. ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாத ஒரு மெல்லிய குரலில் பேசினார்.

"பரிமளா, நீ போனதுக்கப்புறம் யாரும் என்கிட்ட உண்மையச் சொல்றதில்லம்மா. சரியாயிருக்குது சார், சரியாயிருக்குது சார்னு சொல்லிட்டு, கப்பலேறினதுக்கப்புறம் அழுவறாங்க. நீ வந்துரு. இந்தக் காடு வேண்டாம், வெதை வேண்டாம். நீ மட்டும் வா."

இதை நாங்கள் பழகியிருக்கவில்லை. அம்மாவின் தோள் இறங்கியது. கை மெதுவாய் நெஞ்சுக்குப் போகத் தொடங்கியது, பாதி வழியில் காற்றில் நின்றது, நான் என்னிடமிருந்த அத்தனை குரலையும் தேடினேன், அங்கே போட ஒன்றும் சிக்கவில்லை.

"சார்" என்றாள் அம்மா. "இப்ப நான் ஒரு உண்மையச் சொல்றேன். எனக்கு உங்களைப் புடிக்கும். அந்தக் கம்பெனியும் புடிக்கும். முடியாது."

சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, முதல் பனியனின் நெஞ்சிலேயே மிதித்தாள்.

புஸ்ஸென்று காற்றுப் போய் அது உள்ளே அமுங்கியது, அமுங்கி, கொஞ்சம் தள்ளிக் கையை மட்டும் வெளியே நீட்டியது, அந்தக் கையையும் மிதித்தாள். அடுத்ததை நான் மிதித்தேன். "அரசாங்கக் கட்டுப்பாட்டில் வராத பனியனே, அமுங்கு!" என்று மூக்கால் கத்தினேன். வரப்பில் கொத்தும் கையுமாய் நின்றிருந்த பாவாயக்கா கொத்தைப் போட்டுவிட்டு உள்ளே குதித்தாள்.

"பொழுதன்னிக்கும் உங்கூடப் பிசிறு புடுங்கினேனில்ல? இந்தா வாங்கிக்கோ! இந்தா, கழுத்துக்கு! இந்தா, கக்கத்துக்கு!"

அவள் மிதித்த மிதியில் சேறு வரப்புவரைக்கும் தெறித்து, அர்த்தநாரி சாரின் வெள்ளைச் சட்டையில் பூப்போட்டது. சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிப்பு வருகிற மாதிரி, பெண்களில் ஒருத்தி முக்காட்டுக்குள் சிரித்தாள், அவள் ஏற்றுமதிக் கம்பெனியில் பனியனுக்குக் கை மடித்துக்கொண்டிருந்தவள், பிறகு அவளும் இறங்கினாள், பிறகு காஜா எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி, அயர்ன் டேபிளில் நின்று நின்று கால் வீங்கிப்போன ஒருத்தி, அந்த ஊரில் அப்படி இல்லாத வீடு ஏது. ஆண்கள் திட்டிக்கொண்டே நின்றார்கள், அப்பா மட்டும் செருப்பை வரப்பில் ஜோடியாய் விட்டுவிட்டு இறங்கி, ஒரு மூலையில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒரே ஒரு பனியனை ரொம்ப நேரம் மிதித்துக்கொண்டிருந்தார். உச்சிவெயிலுக்குள் வெள்ளை என்று ஒன்றும் மிச்சமில்லை. லாரி காலியாய்த் திரும்பிப் போனது.

ஊர் எங்களோடு பேச்சை நிறுத்தியது. கடையில் எனக்குச் சில்லறை மட்டும் கிடைத்தது, வார்த்தை கிடைக்கவில்லை. ராக்கியண்ணன் கிணற்று மேட்டில் எங்களைப் பார்த்தால் எருமையோடு பேசினார். அம்மா அந்த மண்ணைப் பொத்தானும் விதையுமாய் அழுகவிட்டு, ஆறவிட்டு, உழுது, மறுபடி வெண்டையே ஊன்றினாள். "வேற எதாச்சும் போடேன், தட்டைப்பயறு கிட்டப்பயறு?" என்று அப்பா கேட்டதற்கு, "நான் மொதல்ல கேட்டது வெண்டைக்காய்தானுங்க, அதை வாங்காம உடமாட்டேன்" என்றாள். இந்தத் தடவை டேப் இல்லை, அட்டை இல்லை, மீட்டிங் இல்லை. கோணலும் மாணலுமாய் முளைத்தது.

மஞ்சள் பூ வந்ததும் பேசாத ஊர் ஒவ்வொருவராய் வரப்புக்கு வந்து நின்றது. ராக்கியண்ணன் வேண்டுதல் மாதிரி கை கட்டிக்கொண்டு நின்றார், அவர் வாய் மட்டும் "கை வரட்டும், கை வரட்டும்" என்று முணுமுணுத்தது. அர்த்தநாரி சார் டிரைவரிடம் டேப் கொடுத்து அனுப்பியிருந்தார். பூ விழுந்த இடத்தில் மொக்கு வந்தது, வெயில் ஏறியது, மொக்கு நீண்டது, நீண்டு வளைந்தது, வளைந்து கொக்கி மாதிரி நின்றது, கை வரவில்லை, கழுத்து வரவில்லை, உடம்பெல்லாம் சுணையோடு ஒரு குட்டையான வெண்டைக்காய், நடுவில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள்ளிருந்து ஒரு புழு தலையை நீட்டி எங்கள் எல்லாரையும் பார்த்தது.

"அளவு என்னங் மேடம் எழுதிக்கறது?" என்றார் டிரைவர்.

அம்மா அதைப் பறித்தாள். முந்தானையில் துடைத்தாள். இரண்டாய் ஒடித்து, புழு இருந்த பாதியை அதற்கே விட்டு வரப்பில் வைத்தாள், மறுபாதியை வாயில் போட்டு, கோழை உதட்டில் வடிய வடிய, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நின்று நிதானமாய் மென்று விழுங்கினாள்.

"எப்படிங் இருக்குது?" என்றார் ராக்கியண்ணன், எருமையிடம் இல்லை, அம்மாவிடமே.

"எனக்கே பத்தலைங்ணா" என்றாள் அம்மா, அடுத்த செடிக்குக் குனிந்துகொண்டே. "எல்லாரும் அவங்கவங்க காட்டுக்குப் போங்க."